உறைமண்

பஞ்சாயத்து அலுவலக வாசலில் பெஞ்சு போட்டு, அதன் மேல் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் முக்கால்வாசி தண்ணீர். ஊரின் ஒவ்வொரு புஞ்சைக் கொல்லையிலிருந்தும் எடுத்து நிழலில் உலர்த்திய மண்கட்டி, நெல்லிக்காய் அளவில், டம்ளருக்கு முன்னால் காகிதத்தில் காத்திருந்தது. மண்வள நிலையத்திலிருந்து வந்திருந்த ரைஹானா ஒவ்வொரு கட்டியாகச் சின்னக் கம்பி வலையில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

முதல் கட்டி தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று குமிழி விட்டது. ஓரம் உதிர்ந்தது. நடுவில் பிளந்தது. ஒருவர் தும்மி முடிப்பதற்குள் வலையில் ஒன்றுமில்லை. டம்ளர் முழுக்கச் செங்காவி.

“டீயில போட்ட பொறை மாதிரியில்ல போவுது!” என்றாள் குணவதி. கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களின் மண்ணும் அடுத்தடுத்து அப்படியே போனது. குணவதியின் கட்டி போனபோது அவளே முந்திக்கொண்டு, “எங்கது பொறைகூட இல்ல, சீனி!” என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

கடைசி டம்ளர் சுகந்தியுடையது. கட்டி இறங்கியது. இரண்டு மூன்று குமிழி விட்டது. அவ்வளவுதான். ரைஹானா வலையைத் தூக்கி மறுபடி முக்கினாள். ஆட்டிப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள். கட்டி கட்டியாகவே இருந்தது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்போல இருந்தது.

“இது எந்த எடத்து மண்ணு?” என்று கேட்டாள்.

“அதுவா? எங்க ஊருல ஒரு சோம்பேறிக் கொல்லை இருக்கு. அங்கவுள்ளது” என்றாள் குணவதி.

பழக்கத்தில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, டம்ளரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அது சுகந்தியின் புருஷன் திருநாவு விட்டுப்போன ஒரு ஏக்கர். அவர் இறந்து ஆடியோடு ஒரு வருஷம் முடிந்திருந்தது. உண்மையில் அவரைப்போல வேலைக்கு அஞ்சாத மனிதர் ஊரில் குறைவு. யார் கூப்பிட்டாலும் போவார். கடலை பிடுங்குவார், தென்னைக்கு மட்டை கழிப்பார், பிறர் கொல்லையில் பொழுது சாயும்வரை மண்வெட்டி பிடிப்பார். தன் சொந்தக் கொல்லையில் மட்டும் ஒரு குச்சி ஊன மாட்டார். வேலிக்குக் கால் நட மாட்டார், வெட்டிய முள்ளைத் தரையிலேயே அடுக்கிவிடுவார். சீமைக்கருவேலங்கன்று முளைத்தால் வேரோடு பிடுங்காமல் தரையோடு தரையாக அரிவாளால் அறுப்பார். போர் போட்டுத் தருகிறோம் என்று அரசாங்கமே வந்தபோதும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். செருப்பு தேயும் என்று பார்க்கிற கஞ்சன் என்று அதற்கும் ஒரு பேச்சு இருந்தது.

சுகந்தியும் பேசாமல் இருந்தவள் அல்ல. “ஊருக்கெல்லாம் ஒழைக்கத் தெரியுது, நம்ம கொல்லையில ஒரு படி கடலை போட்டா கை தேஞ்சா போயிரும்?” என்று எத்தனையோ முறை கத்தியிருக்கிறாள். ரேஷன் அரிசி தீர்ந்த நாட்களில் அந்தக் கொல்லையின் ஆவாரம்பூவைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வரும். அவர் கோபப்பட்டதில்லை. “இருந்துட்டுப் போவட்டும் சுகந்தி. நம்மளத்தான் ஓட ஓட விரட்டுறாய்ங்க. அதாச்சும் சும்மா இருக்கட்டுமே” என்பார்.

ஊரின் மற்ற நிலங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு காலத்தில் அங்கே முந்திரி, பலா, இடையில் சோளம். பிறகு பெரும்பகுதி தைலமரமாயிற்று. தைலமரத்தை வெட்டிவிட்டுக் கடலை போட்டார்கள், வருஷத்துக்கு மூன்று முறை ரொட்டாவேட்டர் விட்டுப் பவுடராக்கினார்கள். கொஞ்சம் மேட்டுநிலம் செங்கல் சூளைக்கு மேல்மண்ணைக் கொடுத்தது. புயலில் சாய்ந்த கோயில்காட்டைக்கூடப் பொக்லைன் விட்டுச் சுத்தம் செய்து சிமென்ட் தளம் போட்டுவிட்டார்கள். மழையும் மாறிவிட்டது. வந்தால் அடித்து ஊற்றும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. அடிக்கிற மழையில் மண் மேலே அப்பளம்போலப் பொருக்குத் தட்டும். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சிவப்பாக ஓடி ஓடையில் விழும். மறுவாரமே கிணறு காயும். லாரி லாரியாகக் குப்பை உரம் கொட்டியும் பார்த்தாயிற்று. குணவதியின் மகன் போன பங்குனியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போனான். அவனுக்கு முன்னும் பின்னும் பலர் போனார்கள். தெருவில் பாதி வாசலுக்குக் கோலம் இல்லை.

மறுநாள் ரைஹானா கொல்லையைப் பார்க்க வந்தாள். கடற்கரைப் பக்கத்துப் பெண். தலையில் முக்காடு, காலில் கனமான பூட்ஸ், முப்பது வயதிருக்கும்.

“அத அங்கயே கழட்டி வச்சிரும்மா. அவுக வழக்கம்” என்றாள் சுகந்தி.

ரைஹானா பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தாள். வைத்தவள் நின்றுவிட்டாள். தரை அவள் பாதத்துக்கு லேசாக வளைந்து கொடுத்தது. குனிந்து, புல்வேருக்கு அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையில் அது மாவாகவும் உதிரவில்லை, கட்டியாகவும் நிற்கவில்லை. கடுகும் மிளகுமாக உருண்டை உருண்டையாகப் பிரிந்தது. ஆவணி வெயிலிலும் ஈரம் இருந்தது.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கவா? இத்தன உரம் போட்டும் ஏன் உங்க ஊரு மண்ணு தேறல?”

“எங்களுக்குத் தெரிஞ்சா ஒன்ன ஏன் கூப்புடப் போறோம்?”

ரைஹானா சிரித்தாள். “உரங்கிறது சாமான் மாதிரி. வீடே இல்லாத தெருவுல சாமான இறக்கினா என்ன ஆவும்? வந்தவன் போனவனெல்லாம் தூக்கிட்டுப் போயிருவான். மண்ணுல நுண்ணுயிரு அத்தனையையும் தின்னு காத்தா விட்டுரும். இந்தா, இந்த உருண்டை இருக்குல்ல, இதுதான் வீடு. இதுக்குள்ள போயி ஒளிஞ்சாத்தான் கரிமச்சத்து தங்கும். அந்தச் சத்துல இருந்து வர்ற பசைதான் இந்த உருண்டையையும் உருண்டையா வச்சிருக்கு. ஒண்ணு இல்லாம ஒண்ணு இல்ல. ஏரு ஓட்ட ஓட்ட வீட்ட இடிச்சுக்கிட்டே இருக்கோம்.”

“அப்ப பாலு இருக்கு, உறை இல்லங்கிற.”

ரைஹானா அவளை ஒரு கணம் பார்த்தாள். “அதேதான். நாங்க அதுக்கு வச்சிருக்கிற பேரே உறைமண். உயிரோட இருக்கிற மண்ண செங்கல் மாதிரி பாளம் பாளமா வெட்டி, செத்த நிலத்துல நாலு முழத்துக்கு ஒண்ணு பதிப்போம். மேல ஊட்டத்தண்ணி விடுவோம். அது எங்க கண்டுபிடிப்பு. பாளத்துல இருக்கிற பூஞ்சை நூலு அதக் குடிச்சிட்டு நாலாபக்கமும் ஓடும். ஒரு மழைக்காலத்துல ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கும். அடுத்த வருஷம் இந்த ஊரு பக்கத்து ஊருக்கு உறை குடுக்கலாம். ஆனா வேற மண்ணு சேராது. கொடைக்கானல்லேருந்து காட்டுமண்ணு கொண்டாந்து பதிச்சோம், ஒரே மாசத்துல செத்துருச்சு. இந்தச் செம்மண்ணுக்கு இந்தச் செம்மண்ணுதான் வேணும். தாலுகா பூரா தேடிட்டோம் பெரியம்மா. தண்ணியில நின்னது இது ஒண்ணுதான்.”

“எவ்வளவு வேணும்?”

ரைஹானா கையிலிருந்த மண்ணை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்தாள். “முழுசும். மேல அரை முழம். ஐப்பசி மழைக்கு முன்னாடி.”

“எடுத்துட்டா இங்க என்ன இருக்கும்?”

“அடிமண்ணு. ஓரத்துல கொஞ்சம் விட்டா அதுலேருந்து திரும்பக் கூடி வரும். ஆனா பழையபடி ஆக ஒரு ஆயுசு ஆவும். பொய் சொல்ல எனக்கு மனசு வரல.”

அவள் பொய் சொல்லாததற்காகச் சுகந்தி அவளுக்கு மோர் கொடுத்தாள். மண் தர முடியாது என்றாள்.

அதற்கு முழுக் காரணம் அவளுக்கே தெரியாது. திருநாவு ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது அது ஒன்றுதான். “கொல்லையில எதையும் எறங்க விட்றாத. ஏரு, மம்பட்டி, கடப்பாரை, எதையும்.” அவள் தலையாட்டினாள். மூச்சுக்குக் குழாய் மாட்டிய மனிதரிடம் ஏன் என்று யார் கேட்பார்கள்? வாழ்நாளெல்லாம் சண்டை போட்ட விஷயத்தில் கடைசியில் அவரை ஜெயிக்க விட்டோமே என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் குணவதி வந்தாள். வந்தவள் திண்ணையில் நிற்காமல் நேராக அடுப்படிக்கே போய் உட்கார்ந்தாள். அந்த உரிமை அவளுக்கு உண்டு. சுகந்திக்குப் பிறந்த ஒரே பிள்ளை பேர் வைக்கும் முன்பே போனபோது, பிரசவக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவளுக்குக் கஞ்சி ஊற்றியவள் குணவதிதான். பிள்ளையைத் திருநாவும் அவர் தம்பியும் ஓடைக்கு அப்பால் சுடுகாட்டில், புங்கமரத்தடியில் வைத்ததாகச் சொன்னார்கள். அந்த ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்போது சுகந்தி ஜன்னல் வழியாக அந்த மரத்தைப் பார்த்துக்கொள்வாள். இத்தனை வருஷமும் அதுதான் அவள் மகளோடு அவளுக்கிருந்த பழக்கம்.

“ஏடி, ஒம் புருஷன் ஒழைக்காமப் போட்டு வச்சது இன்னைக்குப் பொன்னாயிருச்சு. குடுத்தா என்னவாம்?”

“அவுகளுக்கு வாக்குக் குடுத்துட்டேன்க்கா.”

“வாக்கு! நாளைக்கி ஊருல நீயும் நானும் மட்டும் ஒக்காந்து அந்த வாக்க ஆளுக்குப் பாதியா திம்போம்.” சொல்லிவிட்டு அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள். பிறகு வேறு குரலில், “பேரன் போன்ல கேக்குறான்டி. அப்பத்தா, நம்ம ஊருல மழ பேஞ்சுதான்னு. பேஞ்சா வந்துருவானாம். மழ பேஞ்சுதுடா, தங்கலைன்னு எப்புடிச் சொல்றது?”

அன்று முழுவதும் சுகந்திக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் ரைஹானாவுக்குப் போன் செய்து, வெட்டக் கூடாது, வேண்டுமானால் வெட்டாமல் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள் என்றாள். அதற்கு ஒரு கருவி இருக்கிறதாமே என்று கேட்டாள்.

கருவி இருந்தது. மணைப்பலகையை நீட்டிவிட்டதுபோல் ஒரு சாமான். தரைமேல் இழுத்துக்கொண்டு போனால் உள்ளே மண் எப்படி அடுக்கியிருக்கிறது என்று திரையில் காட்டும். அந்நியர் கால் அதிகம் படவேண்டாம் என்று சுகந்தி தன் கொழுந்தன் மகேந்திரனை வரச்சொன்னாள். அவரும் அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். காரியம் என்னவென்று கேட்டதும் முகம் கறுத்தது. “இதெல்லாம் எதுக்கு அண்ணி?” என்று மட்டும் கேட்டார். ஆனாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்.

காலை வெயில் ஏறுவதற்குள் பாதிக் கொல்லை முடிந்தது. ரைஹானா திரையைச் சுகந்தியிடம் காட்டிக்கொண்டே நடந்தாள்.

“பாருங்க பெரியம்மா, தேனடை மாதிரி! இந்த ஓட்டையெல்லாம் மண்புழு போன வழி. இது பழைய வேரு மக்கின குழாய். மழத்தண்ணி இது வழியாத்தான் எறங்குது. இத நாங்க ஆய்வுக்கூடத்துல பண்ணணும்னா... முடியாது, விடுங்க.” அவள் பலகாரக் கடை வாசலில் நிற்கும் பிள்ளைபோலப் பேசிக்கொண்டிருந்தாள். கிழக்கு ஓரத்தில், ஆவாரம்புதருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். “மாமா, கொஞ்சம் பின்னாடி வாங்க. திரும்ப இழுங்க.”

மகேந்திரன் திரும்ப இழுத்தார்.

“இங்க மட்டும் யாரோ தோண்டியிருக்காங்க.”

“இங்கயா? இருக்காது. அவுக ஒரு குச்சி ஊனுனதில்ல” என்றாள் சுகந்தி.

“ரொம்ப வருஷம் ஆச்சு. மண்ணு திரும்பக் கூடிருச்சு. ஆனா தழும்பு தெரியுது பாருங்க, ஓரம் நேரா இருக்கு. மம்பட்டி வெட்டு. அதுக்கு மேல மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கு, வெள்ளம் வந்திருக்கும்போல. சின்னக் குழிதான், ஒண்ணரை முழம் இருக்கும். ஏதாச்சும் கன்னு நட்டாங்களோ?”

கயிறு கீழே விழுந்தது. மகேந்திரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்.

“தம்பி?”

“அண்ணி, அது கன்னு இல்ல.”

துண்டை வாயிலிருந்து எடுத்தார். பேசத் தொடங்கியதும் மளமளவென்று சொன்னார், எங்கே நிறுத்திவிடுவோமோ என்று பயந்தவர்போல.

“அன்னைக்கி ஓடையில வெள்ளம் அண்ணி. பாலம் அப்பக் கெடையாது. இடுப்புக்கு மேல தண்ணி. அண்ணே புள்ளைய வேட்டிக்குள்ள வச்சுக்கிட்டு கரையிலயே நின்னுச்சு. வடியும் வடியும்னு ரொம்ப நேரம் பாத்தோம். மழ விடல. நீங்க இங்க காய்ச்சல்ல கெடக்கிறீங்க. திரும்ப வீட்டுக்கா கொண்டார முடியும்? அப்பறம் நம்ம கொல்லையிலயே வச்சுருவம்னுச்சு. நாந்தான் வெட்டுனேன். மேல ஒரு கல்லு வச்சு முள்ளப் போட்டோம். பெத்தவகிட்ட எடத்தச் சொல்லாத, போயி விழுந்துகிட்டுக் கெடப்பான்னு பெரியவங்க சொன்னாங்க. அதான் புங்கமரம்னு சொல்லிட்டோம்.”

“சரி” என்றாள் சுகந்தி. அது அவள் குரலாகவே இல்லை.

“தண்ணி வடிஞ்சப்பறம் வந்து பாத்தா, ஓடை கரைய ஒடச்சிக்கிட்டு கொல்லை மேலயே போயிருக்கு. கல்லும் இல்ல, முள்ளும் இல்ல. எல்லாம் ஒரே சமமா வண்டலு. எங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. நான் மம்பட்டிய எடுத்தேன். அண்ணே கையப் புடிச்சிருச்சு. டேய், தேடுறேன்னு வெட்டி அது மேலயே பட்டுட்டா என்னடா பண்ணுவேன்னுச்சு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அதுக்கப்பறம் எங்க வெட்டுறது அண்ணி? எங்கன்னு தெரியாததால இந்த ஏக்கரு பூராவும் அவ எடமாப் போச்சு.”

கவுதாரி ஒன்று புதருக்குள்ளிருந்து கத்தியது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அந்த மனுஷன்?”

“சொல்லிரணும்னு எத்தனையோ தடவ வாயெடுத்துச்சு. எங்கன்னு கேப்பாளே, என்னத்தச் சொல்றதுன்னு மூடிக்கிரும்.”

சுகந்தி ஆவாரம்புதரை நோக்கி நடந்தாள். “எந்தப் பக்கம் தலை?”

“தெக்க. அண்ணந்தான் வச்சுச்சு. வேட்டியக் கிழிச்சு சுத்திப் பதனமா...”

அவள் அங்கே உட்கார்ந்தாள். தெற்கு ஓரத்தில் கையை வைத்துக்கொண்டாள். மகேந்திரனும் ரைஹானாவும் தள்ளிப் போய் நின்றார்கள். அவள் அழுதாள்தான். ஆனால் பாதி அழுகை அந்த மனிதருக்காக இருந்தது. மற்றவர் கொல்லையிலெல்லாம் வெட்டிக் களைத்து, தன் கொல்லைக்குள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மெத்து மெத்தென்று நடந்தவர். சோம்பேறி, கஞ்சன் என்று ஊர் சொன்னதையும், கையாலாகாதவர் என்று அவளே சொன்னதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டவர். பாரத்தை ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருக்கலாம். அவர் முழுவதையும் சுமந்துவிட்டுப் போய்விட்டார். அதற்காக அவரை வைவதா கும்பிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

வெயில் உறைத்தபோது ரைஹானா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். கருவியை மடக்கிக் கட்டிவிட்டிருந்தாள்.

“நாங்க போயிடறோம் பெரியம்மா. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். வேற எடம் பாக்குறோம்.”

“வேற எடம் இருக்கா?”

“இல்ல” என்றாள் ரைஹானா.

“ஒக்காரு. ஒண்ணு கேக்குறேன், நீ பொய் சொல்லமாட்டேல்ல. இப்ப தோண்டினா அவ கெடைப்பாளா?”

“மாட்டா. இந்தச் செம்மண்ணு புளிப்பு மண்ணு. சின்ன எலும்பு நிக்காது.”

“அப்ப எங்கதான் போனா?”

ரைஹானா புல்வேருக்கு அடியில் விரல் விட்டாள். “பெரும்பங்கு காத்தோட போயிருக்கும். கொஞ்சம் புல்லாயிருக்கும். புல்ல எறும்பு, புழு தின்னு, அதுங்களும் இங்கயே மாண்டிருக்கும். மிச்சம்...” ஒரு சின்ன உருண்டையை விரல்நுனியில் எடுத்தாள். “இந்தப் பசையில இருக்கும். ஒரு தடவ உழுதிருந்தாக்கூட அதுவும் அந்த வருஷமே காத்தாப் போயிருக்கும். அவுங்க உழல. அதனால இருக்கு.”

“இந்த எடத்துல மட்டுமா?”

“இங்க கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனா எறும்பு எத எங்க தூக்கிட்டுப் போச்சுன்னு யாரு கண்டா? எல்லா எடத்துலயும் கொஞ்சங் கொஞ்சம்னு சொன்னா அது பொய்யில்ல பெரியம்மா.”

சுகந்தி அந்த உருண்டையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். எதையும் இறங்க விடாதே என்று அவர் ஏன் சொன்னார் என்று இப்போது தெரிந்தது. எங்கே என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒரு ஏக்கர் முழுவதையும் கேட்டார். இப்போது எங்கே என்று தெரிந்துவிட்டது. வாக்கு அப்படியேதான் இருந்தது. அதன் அகலம் மட்டும் சுருங்கி ஒரு பாய் அளவுக்கு வந்துவிட்டது.

அவள் எழுந்து, ஆவாரம்புதரைச் சுற்றி, ஒருவர் புரண்டு படுக்கிற அளவுக்குக் காலால் கோடு போட்டாள்.

“இத விட்டுரு. மத்தத எடுத்துக்க.”

“பெரியம்மா, நல்லா யோசிச்சு...”

“அவுக யோசிச்சு யோசிச்சுத்தான் வாயத் தொறக்காமயே போயிட்டாக. எடுத்துக்க தாயி. ஐப்பசிக்கு நாளில்ல.”

வெட்டும் வேலை புரட்டாசியில் நடந்தது. பாளங்களை ஈரச்சாக்கில் சுற்றித் தட்டுகளில் அடுக்கினார்கள். ஊரே வந்து கைகொடுத்தது. நிபந்தனை மூன்று, உறைமண் பதித்த கொல்லையில் இனி ரொட்டாவேட்டர் இறங்கக் கூடாது, குச்சியால் துளையிட்டுத்தான் விதைக்க வேண்டும், தரை ஒருநாளும் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று ரைஹானா விளக்கினாள். “அப்ப ஊரே சோம்பேறியாவணுங்கிறீக” என்றாள் குணவதி. இந்த முறை சுகந்திதான் முதலில் சிரித்தாள்.

தட்டுகளின் மேல் ஒட்டுவதற்கு உறைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. ஒவ்வொரு மண்ணின் உறைக்கும் ஒரு பேர் வைப்பது அவர்கள் நிலையத்து வழக்கம். எடுத்த ஊரின் பேரை வைக்கலாம், கொல்லையின் பேரை வைக்கலாம்.

“சோம்பேறின்னு வைக்க முடியாது. நீங்களே சொல்லுங்க பெரியம்மா” என்றாள் ரைஹானா.

சுகந்தி கைமண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். வயிற்றில் இருந்தபோது அவள் மட்டும் யோசித்து வைத்திருந்த பேர் ஒன்று இருந்தது. பேர் வைக்கிற அன்று சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்ல இடமே வரவில்லை.

“பூவரசி” என்றாள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு போன மகேந்திரன் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தார். தட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

ஐப்பசி மழை அந்த வருஷமும் அடித்துத்தான் ஊற்றியது. முதல் மழையில் ஓடை வழக்கம்போலச் சிவப்பாக ஓடியது. கார்த்திகைக் கடைசியில் பெய்த மழையில் கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுவருஷம் சித்திரையில் குணவதியின் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. வைகாசியில் அவள் மகன் வந்து வீட்டைத் திறந்தான். பூட்டு துருப்பிடித்து, உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் உறை கேட்டு வந்தார்கள். அவர்களிடமிருந்து அடுத்த ஊர். யார் கொல்லையிலிருந்து வெட்டினாலும் சுகந்தியிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

சுகந்தியின் கொல்லை இன்னும் கட்டாந்தரைதான். அந்தப் பாய் அளவு இடத்தின் விளிம்பிலிருந்து புல் வருஷத்துக்கு ஒரு முழம், அரை முழம் என்று வெளியே நகர்ந்துவருகிறது. அவள் அவசரப்படுத்துவதில்லை. காலையில் போய் ஆவாரம்புதர் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். பஸ்ஸில் போகும்போது புங்கமரத்தைப் பார்க்கிற பழக்கமும் விடவில்லை. இத்தனை காலம் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்த மரம், அதற்கும் ஒரு நன்றி உண்டல்லவா?

பேரின் கதை மூன்று பேருக்குத்தான் தெரியும். ஊருக்கு அது மண்ணின் பேர். ஆனாலும் ஊர் வாயில் அது மண்ணாக நிற்கவில்லை. பூவரசி புடிச்சுக்கிட்டாளா என்று ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். பூவரசிக்குத் தாகமா இருக்கும், பூவரசி மேல வண்டிய ஏத்தாதடா என்பார்கள். நல்ல மழைக்குப் பிறகு, பூவரசி இருக்கா, இனி கவலையில்ல என்று யாராவது சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் மத்தியானம் சுகந்தி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். வாசலில் குணவதியின் குரல்.

“ஏடி சுகந்தி! வடக்குக் கொல்லைக்கும் வேணுங்கிறான் எம் மகன். பூவரசிய எங்க வீட்டுக்கு எப்ப அனுப்பிவைப்ப?”

சுகந்தி கைச்சோற்றை இலையிலேயே வைத்தாள். தண்ணீர் குடித்துவிட்டு எட்டிப் பார்த்தாள். குணவதி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“அனுப்புறேன்க்கா. போன எடத்துல நல்லாப் பாத்துக்குவீகல்ல?”

“இது என்னடி கேள்வி? எம் பேத்தி மாதிரி வச்சுக்குவேன்.”

“அப்பச் சரி” என்றாள் சுகந்தி. இலையில் மீதியிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.